ஓட ஓடச் சரியாப் போயிடும்

என் சவரிமுத்து அத்தானுக்கு. அங்கே எந்த ரோட்டில் எந்த வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தாலும் சரி, கொஞ்சம் ஓரமாக நிறுத்திவிட்டு இதைக் கேளுங்கள்.

உங்கள் மச்சினன் லூர்து எழுதுகிறேன். பொன்மலைக் காலனி வாசகசாலையில் நடத்துகிற கையெழுத்துப் பத்திரிகைக்கு, இது கல்லறைத் திருநாள் மாதம் என்பதால், இறந்துபோனவர்களுக்கு யாராவது கடிதம் எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். மற்றவர்கள் அப்பாவுக்கும் வாத்தியாருக்கும் எழுதுகிறார்கள். நான் உங்களுக்கு எழுதுகிறேன் என்றதும், "எழுதுங்க லூர்து, நல்ல மனுஷன், கொஞ்சம் நீளமாவே எழுதுங்க" என்று பத்திரிகை ஆசிரியர் நாலு தாள் கூடுதலாகக் கொடுத்தார். நான் என்ன எழுதப்போகிறேன் என்று தெரிந்திருந்தால் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டிருப்பார்.

முதலில் வீட்டுச் சேதி. அக்கா நன்றாக இருக்கிறாள் என்று எழுதினால் அது பொய். சாப்பிடுகிறாள், பூசைக்குப் போகிறாள், யாராவது பேசினால் பதில் சொல்கிறாள், அவ்வளவுதான். உங்கள் மகள் லில்லி டைப்பிங் பரீட்சையில் பாஸ் செய்துவிட்டாள். ரிசல்ட் வந்த அன்று மிட்டாய் வாங்கி வந்து முதல் மிட்டாயை உங்கள் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, எறும்பு வந்ததும் அவளே எடுத்துத் தின்றாள். மழை பலமாக இருக்கிறது. மேற்குப் பக்கத்து ஓடு பத்துப் பன்னிரண்டு மாற்றிவிட்டேன், இனி ஒழுகாது. உங்கள் டாக்சியை இப்போது ஓட்டுகிறவன் பிரேக்கைவிட ஹாரனை அதிகம் நம்புகிறான். நீங்கள் பார்த்தால் காதைப் பிடித்துத் திருகியிருப்பீர்கள்.

இன்னொரு சேதியும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உங்கள் முப்பதாம் நாள் பூசை முடிந்து வீடு கழுவியபோது, அக்கா அடுப்படியிலிருந்த தண்ணீர்க் குடத்தை நகர்த்தினாள். குடத்துக்கு அடியில் இருந்ததை நான் பார்த்துவிட்டேன், அத்தான்.

உங்களுக்கு இது போதும், புரிந்திருக்கும். ஆனால் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்றும் புரியாது. அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் நான் எனக்குச் சாதகமாக ஏதாவது திரித்துச் சொன்னால் கனவில் வந்து உதையுங்கள்.

அப்போது நீங்கள் ஸ்ரீரங்கம் உத்தர வீதி வக்கீல் சம்பத் சாரிடம் டிரைவர். அவரிடம் பெரிய கார் ஒன்று இருந்தது, அம்மாளைக் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் கூட்டிப்போக. இன்னொன்று, இரண்டே பேர் உட்காரக்கூடிய பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார், சீமையிலிருந்து வந்தது. அதற்குப் பச்சைக்கிளி என்று நீங்கள்தான் பேர் வைத்தீர்கள். அதை ஸ்டார்ட் செய்தால் வீதியில் இருக்கிற மாடெல்லாம் எழுந்து நின்றுவிடும். சென்னைக்கு அந்தப் பக்கம் யுத்த காலத்தில் போட்டுவிட்டுப் போன விமானத் தளத்தில் கார்ப் பந்தயம் நடக்கும். அதில் பச்சைக்கிளியை ஓட்டிவிட வேண்டும் என்று சம்பத் சாருக்கு ஒரே வெறி.

அவருடைய அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "ரங்கநாதன் மேல ஆணை, அந்த வண்டியிலே நீ பந்தயம் ஓட்டப்படாது" என்று சன்னதியிலேயே வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார்கள். வக்கீல் சும்மா இருப்பாரா? "சத்தியம் பண்ணினது நான்தானே, சவரிமுத்து பண்ணலையே!" என்று உங்களை ஓட்டச் சொன்னார். நீங்கள் அன்றைக்கு எங்கள் வீட்டுக்குச் சைக்கிளில் வந்து, வாசலில் சைக்கிளை நிறுத்தக்கூட மறந்து அதைப் பிடித்துக்கொண்டே சொன்னீர்கள். "மாப்பிளே, நான் ஓட்டப்போறேன்டா. ராஜா வீட்டுப் பிள்ளைங்க, தோட்டத்துத் துரைமாருங்க, அவங்களோட ஒரே கோட்டிலே நிப்பேன்." உங்களுக்கு அப்போது நாற்பது வயது. இருபது வருஷமாகப் பின்சீட்டில் இருக்கிறவர்கள் சொன்ன இடத்துக்கு ஓட்டியவர். உங்கள் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது பச்சைக்கிளியின் கியர் பெட்டியில் இரண்டாவது கியரின் பல் உடைந்தது. அந்தக் காலத்தில் வெளிநாட்டுச் சாமான் வரவழைப்பது என்ன பாடு என்று எல்லாருக்கும் தெரியும். "பாரும் லூர்து, அங்கேர்ந்து சாமான் வர்றதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சுடும். வேற பெட்டி மாட்ட முடியுமா, முடியாதா?" என்று சம்பத் சார் கேட்டார். நான் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். ரயில் இன்ஜினையே பிரித்துப் போட்டு மாட்டுகிறவனுக்கு இது ஒரு வேலையா என்று எனக்கு ஒரு திமிர். "முடியும் சார்" என்றேன். நீங்கள் பக்கத்தில் நின்று, "பொன்மலைக் கை சார்" என்றீர்கள். பெருமையாகத்தான் சொன்னீர்கள்.

சென்னையில் பழைய சாமான் விற்கிற இடத்தில், அடிபட்ட ஒரு காரிலிருந்து பெட்டி கிடைத்தது. வேறு காரின் பெட்டியை ஒரு காரில் மாட்டுவது, ஒருத்தர் செருப்பை இன்னொருத்தர் காலில் மாட்டுகிற மாதிரி. எங்கே கடிக்கும் என்று நடந்து பார்த்தால்தான் தெரியும். புதுப் பெட்டியின் முன்தண்டு, பழைய கிளட்ச் தட்டின் நடுவிலிருக்கிற பல் வெட்டிய ஓட்டைக்குள் போகவில்லை. அதனால் அந்தப் பெட்டியோடு வந்த தட்டையே போட வேண்டியதாயிற்று. பின்சக்கரத்துக்குப் போகிற நீளத் தண்டை மூன்று விரற்கடை குறைக்க வேண்டியிருந்தது. பெட்டியைத் தாங்குகிற கால் இடம் மாறியது. கியர்க் கம்பி வெளியே வருகிற ஓட்டை வேறு இடத்துக்குப் போயிற்று. தண்டின் நுனி சுழலுகிற புஷ்ஷை நானே கடைந்தேன். இதையெல்லாம் நான் ஒரு மயிரிழை பிசகாமல் செய்தேன், அத்தான். கஷ்டமான வேலை எதிலும் நான் தவறவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வேலைக்கு லீவு வேண்டுமே. மஞ்சள் காமாலை என்று சர்ட்டிபிகேட் வாங்கிக் கொடுத்துவிட்டு, காலனியில் யார் கண்ணிலும் படாமல் தென்னூரில் சம்பத் சாருக்கு இருந்த ஷெட்டில் போய் உட்கார்ந்தேன். இதை இப்படிப் பத்திரிகையில் எழுதினால் ஒர்க்ஷாப்பில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆவது ஆகட்டும்.

பெட்டியை ஏற்ற வேண்டிய வியாழக்கிழமை அன்று, சம்பத் சாரின் அம்மாளைக் கோயிலில் கொண்டுபோய் விட நீங்கள் போக வேண்டியிருந்தது. போகும்போது ஷெட்டு வாசலில் நின்று சொன்னீர்கள். "நான் வர்றதுக்குள்ள தனியா ஏத்திடாதே மாப்பிளே. ஒரு மணி நேரத்துலே வந்துடுவேன். ரெண்டு பேரா ஏத்துவோம்." நான் தலையாட்டினேன். தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிஷம், கால் மணி, அரை மணி. பெட்டி தரையில் கிடக்கிறது, இன்ஜின் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. எனக்குக் கை சும்மா இருக்காது, உங்களுக்குத் தெரியுமே.

உத்தரத்தில் ஒரு கயிறு போட்டு, காரின் உள்வழியாக இறக்கி, பெட்டியைக் கட்டினேன். காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒரு கையால் கயிற்றை இழுத்துப் பிடித்தேன், இன்னொரு கையால் பெட்டியைத் தூக்கி வழிகாட்டினேன். தண்டு கிளட்ச் தட்டின் ஓட்டைக்குள் அழகாகப் போய்விட்டது. இன்னும் இரண்டு விரற்கடை உள்ளே தள்ளினால் போல்ட் மாட்டிவிடலாம். நீங்கள் வரும்போது ஏற்றி முடித்திருக்கும், உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது பொன்மலைச் சங்கு ஊதியது.

காற்று அந்தப் பக்கத்திலிருந்து வந்தால் தென்னூர் வரை கேட்கும். ஒர்க்ஷாப்பின் மத்தியானச் சாப்பாட்டுச் சங்கு. காலனிக்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பதினெட்டு வயதிலிருந்து அந்தச் சங்கு ஊதினால் கையில் எது இருந்தாலும் கீழே போடுகிற கை இது. சுத்தியலா, ஸ்பானரா என்று பார்ப்பதே இல்லை. சங்கு ஊதினால் விரல் பிரிந்துவிடும், மூளையைக் கேட்காது. அன்றைக்கும் பிரிந்துவிட்டது. கயிறு ஓடியது, கையிலிருந்த பெட்டியும் நழுவியது.

பெட்டி கீழே விழவில்லை. விழுந்து என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தால்கூட நல்லதாகப் போயிருக்கும். அதன் கனம் முழுவதும் அந்தத் தண்டில் தொங்கியது, தண்டு அந்தத் தட்டில் தொங்கியது. "டக்"கென்று ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான்.

உங்களுக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். இன்ஜினையும் கியர் பெட்டியையும் சேர்க்கிறதும் பிரிக்கிறதும் கிளட்ச் தட்டுதான். பெடலை மிதித்தால் அது முழுசாக விலக வேண்டும். தட்டு வளைந்திருந்தால் மிதித்தாலும் எங்காவது ஒரு பக்கம் உரசிக்கொண்டே இருக்கும். வண்டி நிற்காமல் முன்னால் போகப் பார்க்கும். பெட்டியை ஏற்றும்போது அதன் பாரத்தைத் தட்டின் மேல் தொங்க விடாதே என்பது இந்த வேலையில் முதல் பாடம். எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பெட்டியை உடனே கழற்றி, தட்டை வெளியே எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். வளைந்திருந்தால் நிமிர்த்தியிருக்கலாம், ஒரு நாள் கூட ஆகியிருக்காது.

நான் கயிற்றை மறுபடி இழுத்துக் கட்டி, போல்ட்டை மாட்டி முறுக்க ஆரம்பித்தேன். கடைசி போல்ட்டில் இருக்கும்போது நீங்கள் வந்துவிட்டீர்கள். "அடப்பாவி, அதுக்குள்ள ஏத்திட்டியா! ஒத்தை ஆளா! பொன்மலைக் கைன்னா சும்மாவா!" என்று அடியில் குனிந்து என் காலைத் தட்டினீர்கள். அந்த ஒரு பாராட்டுக்காக வாயை மூடிக்கொண்டேன், அத்தான். வேறு காரணம் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

மறுநாள் காவிரிப் பாலத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "மிதிச்சாலும் முழுசா விடமாட்டேங்குதே மாப்பிளே, லேசா இழுக்குது" என்றீர்கள். "தட்டு புதுசு அத்தான், ஓட ஓடச் சரியாப் போயிடும்" என்றேன். சனிக்கிழமை சென்னைக்குப் போகிற வழியில் விழுப்புரத்துக்கு முன்னால் ரயில்வே கேட் போட்டிருந்தது. வண்டி கேட்டை நோக்கி ஊர்ந்தது. நீங்கள் மறுபடியும் கேட்டீர்கள். நான் மறுபடியும் அதையே சொன்னேன். "நீ சொன்னா சரிதான்" என்றீர்கள்.

பந்தயத்தில் பன்னிரண்டு வண்டிகள் கோட்டுக்குப் பின்னால் நின்றன. வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு. சம்பத் சார் கொடுத்த தோல் தொப்பியைப் போட்டுக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். தொப்பி பெரிதாக இருந்ததால் உள்ளே அக்காவின் கைக்குட்டையை மடித்து வைத்திருந்தீர்கள். கொடிக்காரர் கையைத் தூக்கினார். எல்லா வண்டியும் உறுமுகிறது. கொடி மேலேதான் இருக்கிறது, பச்சைக்கிளி மட்டும் கோட்டைத் தாண்டி ஒரு கெஜம் முன்னால் போய்விட்டது.

அப்புறம் நீங்கள் ஓட்டினீர்களே ஒரு ஓட்டம்! இரண்டாவதாக வந்தீர்கள். ராஜா வீட்டுப் பிள்ளைகள் பின்னால் தூசி தின்றுகொண்டு வந்தார்கள். ஆனால் கொடி விழுமுன் கோட்டைத் தாண்டிய வண்டி சேர்த்தி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் வண்டியை விட்டு இறங்கும்போது உங்களுக்கு அது தெரியாது. சிரித்துக்கொண்டே இறங்கினீர்கள்.

சம்பத் சார் முகம் சிவந்து வந்தார். "ஏன்யா, ஒரு க்ஷணம் பொறுக்க முடியலையா உமக்கு? கால் அப்படியா பறக்கும்? அவசரக்கால்!" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "சார், நான் கிளட்ச்சை முழுசா மிதிச்சிருந்தேன் சார். ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துப் பிடிச்சிருந்தேன். வண்டி தானா நகருது சார்" என்றீர்கள். அவர் என் பக்கம் திரும்பினார். "லூர்து, நீர் சொல்லும். வண்டியிலே ஏதாவது கோளாறா?"

நீங்கள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தீர்கள்.

"வண்டி சரியா இருக்கு சார்" என்றேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

நீங்கள் தொப்பியைக் கழற்றினீர்கள். உள்ளே இருந்த கைக்குட்டை கீழே விழுந்தது, குனிந்து எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். "கால்தான் சார். கால் முந்திடுச்சு" என்றீர்கள். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் வேறு சொன்ன மனுஷன் நீங்கள். அப்போதே உங்களுக்குத் தெரிந்துவிட்டதா? என் முகத்தில் எழுதியிருந்ததா?

திரும்பி வந்ததும் சம்பத் சார் உங்களைப் பச்சைக்கிளிப் பக்கமே விடவில்லை. பெங்களூரிலிருந்து பல்சக்கரம் கிடைத்துவிட்டதாகவும், பழைய பெட்டியையே மாட்டச் சொல்லிவிட்டதாகவும் நீங்கள்தான் வந்து சொன்னீர்கள். "நீ வர வேணாம் மாப்பிளே. உனக்குக் காமாலை லீவு முடிஞ்சு போச்சு. தூக்க ரெண்டு ஆள் இருக்கு, நான் இறக்கிக்கிறேன்." என் மேல் கோபம் போல, வேலையைக் கூட என்னிடம் கொடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். உள்ளூர நிம்மதியும் அடைந்தேன். எப்பேர்ப்பட்ட முட்டாள் நான்! பெட்டியை இறக்கினால் தட்டு வெளியே வரும் என்று நினைத்துப் பார்க்கவில்லையா? பார்த்தேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை என்றதும், தட்டு சரியாகத்தான் இருந்திருக்கும், தப்பு உங்கள் காலில்தான் போலிருக்கிறது என்று என்னையே நம்ப வைத்துக்கொண்டேன். ஆறு வருஷம் நம்பினேன்.

ஆறு மாசத்தில் நீங்கள் அந்த வேலையை விட்டுவிட்டு ஜங்ஷன் ஸ்டாண்டில் டாக்சி ஓட்டப் போனீர்கள். உங்களுக்கு முன்னால் அந்தப் பேர் அங்கே போய் உட்கார்ந்திருந்தது. "அவசரக்கால் அண்ணே, சவாரி வந்திருக்கு!" ரயில்வே கேட் திறந்த பிறகும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெதுவாக எடுக்கிற ஆளாக நீங்கள் மாறினீர்கள். அதற்கும் சிரித்தார்கள். அக்காகூட, பால் பொங்கி வழிந்தால், "எல்லாம் உங்க கால் ராசிதான்" என்பாள். நீங்களும் கூடச் சேர்ந்து சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன்.

ஒவ்வொரு ஞாயிறும் உங்கள் வீட்டுக்கு வருவேன். "காமாலை எப்படியிருக்கு மாப்பிளே?" என்று கேட்பீர்கள். லீவுக்கு நான் சொன்ன பொய்யைக் கிண்டல் செய்கிறீர்கள் என்று நினைப்பேன். அந்தக் காமாலை வெளியே தெரிந்தால் என் வேலை போயிருக்கும் என்பது எனக்கு உறைத்ததைவிட உங்களுக்கு அதிகமாக உறைத்திருக்கிறது. அதனால்தான் வாயைத் திறக்கவில்லையா? இல்லை, அக்காவின் தம்பி அவள் கண்ணில் தாழ்ந்துவிடக் கூடாது என்றா? கேட்க ஆள் இல்லை இப்போது. ஆஸ்பத்திரியில் காய்ச்சல் ஏறிக் கிடந்தபோதும் அதையே கேட்டீர்கள், "காமாலை எப்படியிருக்கு?" சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. "அது எப்பவோ போயிடுச்சு அத்தான்" என்று சொல்லிவிட்டு ஆரஞ்சுப் பழம் உரித்தேன்.

உங்களைப் புதைத்த அன்று, கல்லறைத் தோட்டத்து வாசலில் ஸ்டாண்டுக்காரர் ஒருவர், கெட்ட எண்ணத்தில் இல்லை, அழுதுகொண்டேதான் சொன்னார். "அவசரக்கால் அண்ணன் அவசரமாவே போயிட்டாரே." நான் அவரைத் தோளில் தட்டித் தேற்றினேன்.

இனி குடத்துக்கு வருகிறேன். அடுப்படி மூலையில், செங்கல் அடுக்கி, அதன் மேல் ஒரு வட்டத் தகடு, அதன் மேல் குடம். ஆறு வருஷம் அந்தக் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்திருக்கிறேன். குடம் எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். அக்கா சாக்குத் துணியை மடித்து முட்டுக் கொடுத்திருப்பாள். அன்றைக்குக் குடத்தையும் சாக்கையும் எடுத்ததும் தகடு முழுசாகத் தெரிந்தது. நடுவில் பல் வெட்டிய ஓட்டை. ஓட்டையைச் சுற்றி ஒரு பக்கம் அமுங்கி, ஒரு பக்கம் எழும்பி.

"இது ஏதுக்கா?" என்றேன்.

"அவருதான் கொண்டாந்து கொடுத்தாரு, சம்பத் சாரு வீட்டு வேலையிலே இருக்கும்போது. குடம் சாயுதுங்க, வேற ஏதாவது கொடுங்கன்னு எத்தனை வாட்டி கேட்டேன். 'இருக்கட்டும், ஓட ஓடச் சரியாப் போயிடும்'பாரு. குடம் எங்கேடா ஓடுது? அதைச் சொல்லிட்டு அவரே சிரிப்பாரு, எனக்கு ஒண்ணும் விளங்காது."

எனக்கு விளங்கிவிட்டது, அத்தான். ஸ்பானரை என் மண்டையில் போட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அக்கா தகட்டைத் துடைத்து என் கையில் கொடுத்தாள். "நீ ஃபிட்டர்தானே லூர்து, இதை நிமித்திக் கொடுடா. அவரு இருந்தவரைக்கும் விடலே." நானும் வாங்கிக்கொண்டேன். "நல்ல கனமான தகடு" என்றேன். அந்த நேரத்தில் என் வாயில் வந்தது அதுதான்.

கல்லறைத் திருநாளன்று லீவு போட்டேன், இந்தத் தடவை உண்மையான லீவு. உங்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து, தகட்டை வைஸ் இடுக்கியில் பிடித்தேன். பத்து நிமிஷ வேலை. மரச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினால் நிமிர்ந்துவிடும். குடம் நேராக நிற்கும், அக்காவுக்குச் சந்தோஷம். அந்த வளைவுதான் உலகத்தில் மிச்சமிருக்கிற ஒரே சாட்சி; அதுவும் போய்விடும். எனக்கு அது தெரிந்துதான் சுத்தியலை ஓங்கினேன். நல்லவன் மாதிரி எழுதிக்கொள்ள எனக்கு ஆசைதான், ஆனால் ஓங்கினேன் என்பதுதான் நிஜம்.

சங்கு ஊதியது. கை பிரிந்தது. சுத்தியல் என் கால் விரலில் விழுந்தது. வலியில் அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். பிறகு வலி போயும் எழுந்திருக்கவில்லை. என் பெண்சாதி வந்து, "என்னங்க, கால் விரலுக்கா இப்படி அழறீங்க?" என்று கேட்டாள்.

நேற்று சாயங்காலம் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தகட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். என்னைத் திட்டுவாள், செருப்பை எடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. "பால் பொங்கினாக்கூட அந்தப் பேரைச் சொல்லிச் சிரிச்சேனேடா. ஒரு நாள்கூட மூஞ்சியைச் சுளிக்கலையே அந்த மனுஷன்" என்று அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தகட்டை என் கையில் திணித்தாள்.

"என்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? பேரு வெச்சவங்ககிட்டப் போய்ச் சொல்லு. நிமித்தாதே, இப்படியே கொண்டு போய்க் காட்டு. காட்டிட்டுத் திருப்பிக் கொண்டா. குடம் தரையிலே இருக்கு."

ஆகவே, அத்தான், உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். இந்த ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்ததும், தகட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு முதலில் ஸ்ரீரங்கம் போவேன். சம்பத் சார் அன்று என்னிடம் கேட்ட கேள்விக்கு ஆறு வருஷம் கழித்துப் பதில் சொல்வேன். அங்கிருந்து நேராக ஜங்ஷன் ஸ்டாண்டு. படிக்கத் தெரியாதவர்கள் அங்கே பாதிப் பேர். இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து நானே உரக்கப் படிப்பேன். இந்த முறை கையைக் கட்டிக்கொண்டு நிற்க மாட்டேன். கையில்தான் தட்டு இருக்குமே.

முடிந்ததும் அதைக் கொண்டுபோய் அக்காவின் செங்கல் மேல், வளைந்தது வளைந்தபடியே வைத்து, குடத்தை நானே தூக்கி வைப்பேன். உங்கள் காலுக்கு வைத்த பேரை யாரும் இனிச் சொல்ல மாட்டார்கள். பேர் வைத்தே தீர வேண்டுமென்றால், அவர்கள் யோசித்துச் சிரமப்பட வேண்டாம் என்று நானே ஒன்றைக் கீழே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நீங்கள் வருவதற்குள் தனியாக ஏற்றிவிட்ட உங்கள் மச்சினன்,
அவசரக்கை லூர்து